நாம் எழுதிய கருத்தை இணையதளம் நீக்கலாமா?

"நான் எழுதுனதத் தூக்கிட்டாங்க சார், கேஸ் போடலாமுங்களா?" பாலக்காட்டுச் சித்தூரில் வக்கீல் தொழில் பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பலர் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், எருத்தேம்பதி என்று எல்லையை ஒட்டி இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள். ஒருவர் வாங்கிய பொருளைப் பற்றி எழுதியிருப்பார், இன்னொருவர் செய்திக்குக் கீழே கட்சியைத் திட்டியிருப்பார், வேறொருவர் பஞ்சாயத்தின் முகநூல் பக்கத்தில் சாலையைப் பற்றிக் கேட்டிருப்பார். மூவருக்கும் ஒரே கோபம். ஆனால் சட்டம் மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

தனியார் நடத்தும் தளம் என்றால், தனக்குப் பிடிக்காத கருத்தை நீக்க அதற்குப் பெரும்பாலும் உரிமை உண்டு. "பேச்சுரிமை இருக்குதுங்களே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு முதன்மையாக அரசின் கையைக் கட்டுவதற்காக எழுதப்பட்டது. அரசு என்றால் யார் யார் என்பதை 12ஆம் பிரிவு சொல்கிறது: ஒன்றிய அரசு, மாநில அரசு, நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகள் முதலானவை. ஆன்லைன் கடையும் செய்தி நிறுவனமும் அந்தப் பட்டியலில் இல்லை. டீக்கடைச் சுவரில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸைக் கடைக்காரர் கிழித்தால் உங்களுக்கு வருத்தம் வரும், வழக்கு வராது.

அரசு அதையே செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளமே சாட்சி. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதியதற்குச் சிறைக்கு அனுப்ப இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில், பிறருக்குத் தொல்லை தரும்படி பேசுவதைத் தண்டித்த கேரளா போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் ரத்தானது பலருக்குத் தெரியாது. 2020 நவம்பரில் 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். அவதூறான பதிவுக்கு 3 ஆண்டு வரை சிறை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். பேசியதற்காக அரசு தண்டிக்க வந்தால் நீதிமன்றமோ மக்களோ இப்படி குறுக்கே நிற்பார்கள். ஒரு கம்பெனி தன் பக்கத்திலிருந்து நான்கு வரியை எடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19 (பேச்சுரிமை முதலானவை), 21 (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. நீதிபதி நாகரத்னா இதில் மாறுபட்டார். இந்த ஒரு வரியை நம்பி மனு போடச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அந்த வழக்கு இணையதளங்களைப் பற்றியதே அல்ல, அமைச்சர்களின் பேச்சைப் பற்றியது. நீக்கிய ஒரு கருத்துக்காக அதை நம்பி உயர் நீதிமன்றத்துக்குச் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொரு தவறான நம்பிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: "கருத்தை நீக்க ஆரம்பித்தால் தளம் பதிப்பாளர் ஆகிவிடும், பாதுகாப்புப் போய்விடும்." அடுத்தவர் எழுதியதற்குத் தளம் பொறுப்பாகாது என்பதே அந்தப் பாதுகாப்பு. இந்த நம்பிக்கையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1995இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று ப்ராடிஜி என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு எதிராகக் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. அந்தத் தீர்ப்பை முறியடிக்கவே 1996இல் அந்த நாட்டில் 230ஆம் பிரிவைக் கொண்டுவந்தார்கள். ஆட்சேபத்துக்குரியது என்று நல்லெண்ணத்தோடு நீக்கினால் தளத்தின் மீது வழக்கு இல்லை என்பது அதன் சாரம். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தளங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. விதியை மீறிய பதிவைத் தானாக நீக்கினாலும் அந்தப் பாதுகாப்புப் போகாது என்று அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டின் விதிகள் தெளிவாகவே சொல்லிவிட்டன.

அதே விதிகளில்தான் நமக்கும் ஒரு பிடி இருக்கிறது. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடகம் தானாக முன்வந்து உங்கள் பதிவை நீக்கினால், நீக்கும் முன்பே காரணத்தைச் சொல்லி அறிவிப்பு அனுப்ப வேண்டும். மறுப்புச் சொல்லவும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்கவும் நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். இது 4(8) விதி. குறைதீர் அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். அவரிடம் புகார் கொடுத்து, பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய அரசு அமைத்திருக்கும் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள் இணையத்திலேயே மேல்முறையீடு செய்யலாம். இதற்கு வக்கீலே தேவையில்லை. குறைதீர் அலுவலர் பதில் சொல்ல வேண்டிய கெடுவை மட்டும், புகார் போடும் அன்று நடப்பில் உள்ள விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விதிகளை அடிக்கடி திருத்துகிறார்கள். செய்தித் தளங்களின் கருத்துப் பெட்டிக்கு இந்த 4(8) பொருந்தாது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதினால் போட்டாக வேண்டும் என்று எப்போதுமே கட்டாயம் இருந்ததில்லை, இதுவும் அப்படித்தான்.

சரி, ஆன்லைன் கடைக்கு வருவோம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். வேலந்தாவளம் பக்கம் ஒரு தென்னை விவசாயி போர்வெல்லுக்கு சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். திரும்பத் திரும்ப அதன் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கருகியது. கோபத்தில் எழுதினார்: "காயில் போய்க்கிட்டே இருக்கு. கம்பெனி ஆள் எட்டிக்கூடப் பார்க்கல. திருட்டுப் பசங்க, யாரும் வாங்காதீங்க." மறுநாள் அது காணோம். இவர் மாதக்கணக்கில் அந்த விமர்சனத்தைத் திரும்ப வர வைப்பதற்காகவே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். மோட்டாரைப் பற்றி ஒரு எழுத்துப் புகார்கூடக் கொடுக்கவில்லை. உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். விமர்சனம் போனால் போகட்டும், மோட்டார் பணம் போகக்கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். விற்றவர் கோயம்புத்தூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே, புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் கூப்பிட்டுப் பாருங்கள். பில், உத்தரவாத அட்டை, மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு, இதெல்லாம்தான் அங்கே பேசும்.

அவருடைய விமர்சனத்தையும் திருத்தி எழுதினோம். "திருட்டுப் பசங்க" போய், வாங்கிய தேதி, காயில் கருகிய தேதிகள், புகார் எண் வந்தன. அது நிற்கிறது. வசைச்சொல் இருந்தால் தளத்துக்கு நீக்கக் காரணம் கிடைத்துவிடுகிறது, எதிராளிக்கு அவதூறு நோட்டீஸ் அனுப்பவும் வாய்ப்புக் கிடைக்கிறது.

உண்மைத் தகவலை மட்டும் எழுதியும், தளம் ஒரு நட்சத்திர விமர்சனங்களாகப் பார்த்து எடுத்து, புகழ்ச்சியை மட்டும் விட்டுவைத்தால்? அது வாங்குகிறவர்களை ஏமாற்றுவது என்பது என் உறுதியான கருத்து. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்று ஆன்லைன் விமர்சனங்களுக்கான தரத்தை வெளியிட்டது. அது கட்டாயம் ஆக்கப்படாமல் வந்தது பெரிய குறை. இருந்தாலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் எழுதும்போது அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

நீக்குவதைவிட மோசமானது, உங்கள் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தைகளை மாற்றுவது. "டெலிவரி சீக்கிரம், ஆனால் பொருள் குப்பை" என்பதில் பின்பாதியை வெட்டிவிட்டால் நீங்கள் பாராட்டியதாக ஆகிவிடும். அடுத்தவர் எழுதியதில் கை வைக்காதவர்களுக்குத்தான் 79ஆம் பிரிவின் பாதுகாப்பு, எனவே இங்கே தளத்தை நேரடியாகக் கேள்வி கேட்கலாம். அதற்கு, எழுதியவுடனேயே இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுத்த போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்தோடு கொடுக்க வேண்டிய பழைய 65பி சான்றிதழின் இடத்தில், 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வந்திருக்கிறது. அது இல்லாமல் வெறும் பிரிண்ட் அவுட்டை நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

பஞ்சாயத்துப் பக்கத்தில் சாலையைப் பற்றிக் கேட்டவரின் நிலைமை முற்றிலும் வேறு. பஞ்சாயத்து உள்ளாட்சி அமைப்பு, 12ஆம் பிரிவுப்படி அரசு. 2015 ஜனவரியில் மாணிக் தனேஜா வழக்கில், பெங்களூரு போக்குவரத்துப் போலீஸின் முகநூல் பக்கத்தில் ஒரு அதிகாரியைக் குறை சொல்லி எழுதியவர்கள் மீதான வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மக்கள் குறைகளைச் சொல்வதற்கான மேடைதான் அந்தப் பக்கம் என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆபாசத்தையும் மிரட்டலையும் நீக்கட்டும். "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் தார் போடவில்லை" என்ற தமிழ் வரியை நீக்க ஒரு செயலாளருக்கு என்ன அதிகாரம்?

தலைவரின் சொந்தப் பக்கமா, பஞ்சாயத்தின் அதிகாரப்பூர்வப் பக்கமா என்று முதலில் பாருங்கள். அதிகாரப்பூர்வப் பக்கம் என்றால் நேராகச் செயலாளருக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். எந்தக் குறைக்கும் மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் விண்ணப்பம் கொடுக்க அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு இடம் தருகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியில் கடிதம் எழுதிப் பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 வழி செய்திருக்கிறது. பதில் வரவில்லை என்றால், யார் நீக்கினார், எந்த விதியின் கீழ் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த மனுவை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு ஆங்கிலம், இந்தி, பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது. தமிழில் இருக்கிறது என்று திருப்பி அனுப்ப ஒரு சாக்கு அவர்கள் கைக்குப் போக வேண்டாம்.