“நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றால் வேலை போய்விடுமா? கடை ஊழியர்களுக்கான 41-ஆம் பிரிவு

எங்கள் தெருவில் ஓர் அக்கா. துணிக்கடையில் சேலைப் பிரிவில் ஏழு வருடம் நின்றவர். ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, “நாளையிலேர்ந்து வர வேணாம்மா, கணக்கை முடிச்சுக்கலாம்” என்றாராம். மேசையில் ஒரு தாள். ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்’ என்று முன்பே டைப் அடித்து, ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்டி வைத்திருந்தார்கள். தேதி மட்டும் காலி. கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிச் சம்பளம் என்றார்கள். போட்டுவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் எந்த வழியைப் பார்த்தாலும் அந்தக் கையெழுத்துதான் குறுக்கே வந்தது. போடாமல் வந்திருந்தால் அவர் கையில் ஒரு நல்ல சட்டம் இருந்தது. அது பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. கடை, ஓட்டல், தியேட்டர், தனியார் அலுவலகம் எல்லாம் இதற்குள் வரும். ஓரிடத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நினைத்த நேரத்தில் அனுப்ப முடியாது என்கிறது இதன் 41-ஆம் பிரிவு. நியாயமான காரணம் இருக்க வேண்டும். அதோடு ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும்.

இந்த இடத்தில்தான் பல முதலாளிகள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், ஊழியர்களும் நம்பிவிடுகிறார்கள். “ஒரு மாசச் சம்பளத்தை வாங்கிக்கோ, போ” என்றால் விஷயம் முடிந்துவிடாது. காரணமும் வேண்டும், நோட்டீஸும் வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் அனுப்பலாம் என்பது ஒரே ஒரு நிலையில்தான்: ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, அதற்கென விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தால் அது உறுதியாகியிருக்க வேண்டும். ‘கல்லாவில் பணம் குறைந்தது, உன் மேல்தான் சந்தேகம்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வது விசாரணை ஆகாது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் பேட்ஜில் ‘மேனேஜர்’ என்று போட்டுவிட்டார்களே என்று பயப்படாதீர்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி, பேட்ஜ் அல்ல.

நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். சென்னையில் அந்தத் துறை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. கெடு 30 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம்தான், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். நீக்க உத்தரவு கைக்கு வந்த தேதியிலிருந்து நாள் கணக்கு. பெரும்பாலான கடைகளில் உத்தரவே தர மாட்டார்கள். அப்போது வாசலில் தடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

தடுத்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள், கடை முகவரிக்கு, கொடுத்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். ‘இன்ன தேதியில் வழக்கம்போல் வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்’ என்ற மூன்று வரி போதும். பின்னாளில் ‘அவராகவே நின்றுவிட்டார்’ என்று அவர்கள் சொன்னால், பதில் இந்தத் தபால்தான்.

ஆறு மாதம் வேலை பார்த்ததற்கு ஆதாரம்? நியமன உத்தரவு பலரிடம் இருக்காது. வங்கிப் புத்தகத்தில் சம்பள வரவு, பி.எஃப். பதிவு, இ.எஸ்.ஐ. அட்டை, கடை அடையாள அட்டையின் போட்டோ எதுவும் உதவும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன் ஷிஃப்ட் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வேலை போகிற அன்று முதலில் போவது அந்தக் குழுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடைக்காரர் விசாரணையே நடத்தவில்லை, ஆகவே நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கக் கூடாது. மேல்முறையீட்டு அதிகாரியே சாட்சியம் பதிவு செய்யலாம் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடைக்காரர் அங்கே சாட்சிகளைக் கொண்டுவருவார். கூட வேலை பார்த்தவர்களில் உங்களுக்காக யார் பேசுவார் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

அதிகாரியின் முடிவு இறுதியானது என்கிறது சட்டம். ஆனாலும் இரு தரப்பும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி உண்டு, போடவும் செய்கிறார்கள்.

30 நாள் தாண்டிவிட்டதா? 21 நவம்பர் 2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இன்னொரு கதவு. முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு, 45 நாள் கழிந்தும் தீரவில்லை என்றால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கையெழுத்து கேட்டால், “வீட்ல காட்டிட்டு வர்றேண்ணே” என்று சொல்லித் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பாக்கிச் சம்பளத்தை மறுத்தால் அதற்குத் தனியாக மனு போடலாம். அலுவலகத்தில் எந்த மனு கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.