கீசர் எப்போது தட்டுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்து வீடுகளில் கீசர் பெரும்பாலும் சீலிங்குக்கு மேலே, கூரையின் மரச்சட்டங்களுக்கு நடுவே படுத்திருக்கும். அங்கிருந்து ‘டங்’ என்று இடி கேட்டதும் ஏணி போட்டு ஏறி, எங்கிருந்து வருகிறது என்று தேடத் தோன்றும். அதில் பலன் குறைவு. உலோகக் குழாயில் ஒலி நொடிக்குப் பல ஆயிரம் மீட்டர் ஓடுவதால், சமையலறையில் பிறந்த சத்தம் குளியலறைச் சுவரில் கேட்கும். எப்போது கேட்கிறது என்று இரண்டு நாள் கவனித்துக் குறித்துவைப்பதே உருப்படியான வேலை. குழாயை மூடும் கணத்திலா, தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்போதா, குளித்து முடித்த பிறகா, தண்ணீர் வெட்டு முடிந்து மீண்டும் வந்த அன்றா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும்.

குழாயை மூடிய அதே கணத்தில், அல்லது வாஷிங் மெஷின் தண்ணீர் எடுப்பதை நிறுத்தும்போது ஒரே அடியாக விழுந்தால் அது பிளம்பர்கள் சொல்லும் ‘வாட்டர் ஹாமர்’. ஓடிவரும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி, அலையாகக் குழாய்க்குள் முன்னும் பின்னும் மோதுகிறது. 1890களின் இறுதியில் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதித்து ரஷ்ய விஞ்ஞானி ஷுகோவ்ஸ்கி இதற்கு எளிய கணக்குத் தந்தார்: நீரின் அடர்த்தி, குழாய்க்குள் அழுத்த அலையின் வேகம், நீரோட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் உயரும் அழுத்தம் கிடைக்கும். செம்புக் குழாயில் அலை நொடிக்குச் சுமார் 1,300 மீட்டர் போகும். தண்ணீர் நொடிக்கு 1.5 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 1,950 கிலோபாஸ்கல். கீசரின் வழக்கமான அழுத்தம் 400தான்! பிளாஸ்டிக் குழாயில் அலை மெதுவாகப் போவதால் அடியும் பலம் குறைவாகவே விழும்.

அலை குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் வால்வு மூடிவிட்டால்தான் இந்த முழு அடியும் விழும். 15 மீட்டர் செம்புக் குழாயில் அந்த அவகாசம் 0.023 நொடி. கையால் திருகி மூடும் பழைய குழாயால் அவ்வளவு விரைவாக மூட முடியாது. மெஷினுக்குள் இருக்கும் மின்வால்வும் ஒற்றைப்பிடிக் குழாயும் அதை நெருங்கிவிடும். சோதனையும் இதிலேயே இருக்கிறது. ஒற்றைப்பிடிக் குழாயை மூன்று நொடி எடுத்து மெதுவாக மூடிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் நோய் இதுதான்.

அடுத்து தோட்டக் குழாயில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அழுத்தத்தைப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த், ரிசர்வாயர் ஹில்ஸ் போன்ற மேடுபள்ளமான இடங்களில் நீர்த்தொட்டிக்கு 10 மீட்டர் கீழே இறங்கினால் 98 கிலோபாஸ்கல் கூடும். பள்ளத்து வீட்டில் 600ஐத் தாண்டினால் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அழுத்தம் குறைக்கும் வால்வு வேண்டும். கீசருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்பார்கள். குளிர்நீர்க் குழாய் அந்த வால்வுக்கு முன்னாலேயே பிரிந்துபோயிருந்தால் வாஷிங் மெஷினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குழாய் ஆடாமல் கிளிப் அடித்து, மெஷினுக்கு அருகே அதிர்ச்சி தாங்கி பொருத்தினால் மிச்சச் சத்தமும் அடங்கும். முனை அடைத்த வெறும் குழாய்த்துண்டை நட்டுவைப்பது பழைய வழி. உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துபோனதும் அது பயனற்றுவிடும்.

குளித்த பிறகு ‘டிக்… டிக்’ என்று இடைவெளி விட்டுக் கேட்பது வேறு கதை. 10 மீட்டர் செம்புக் குழாய் 40 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டர் நீளும்; பிளாஸ்டிக் குழாய் 60 மில்லிமீட்டரைத் தாண்டலாம். மரச்சட்டத்தில் இறுக்கமான துளை வழியாகப் போகும் குழாய் சிக்கிச் சிக்கி வழுக்கும்போது எழும் சத்தம் அது. ஆபத்தில்லை. துளையைப் பெரிதாக்கி, உரசும் இடத்தில் ஃபோம் உறை போட்டால் போதும். வாட்டர் ஹாமர் என்று நினைத்து இங்கே கிளிப்பை இறுக்கினால் சத்தம் கூடும்.

கவலைப்பட வேண்டியது, தண்ணீர் சூடாகும் நேரத்தில் தொட்டிக்குள்ளேயே எழும் உறுமலும் குமுறலும்தான். 400 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 150 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரணமாக, நீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் மேற்பரப்பு அவ்வளவு சூடாவதில்லை. சுண்ணாம்புப் படிவு அதை மூடிவிட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி, படிவுக்கு அடியில் சிக்கிய நீர் ஆவியாகும். அந்தக் குமிழி சுற்றியிருக்கும் குளிர்ந்த நீரில் பட்டு நொறுங்கும் சத்தமே நமக்குக் கேட்பது. சுண்ணாம்புச் சத்துள்ள டோலமைட் பாறையிலிருந்து ஊறும் நீரும் கலந்து வரும் பிரிட்டோரியாவிலும், போர்வெல் நீர் பயன்படும் பண்ணைகளிலும் இதை எதிர்பார்க்கலாம். டர்பனின் அணைநீர் மென்மையானது. அங்கே உறுமல் கேட்டால் முதலில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகிப்பேன்.

தெர்மோஸ்டாட் பழுதாகி மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் தண்ணீர் சூடேறிக்கொண்டே போகும். குழாயைத் திறந்ததும் ஆவி சீறும். கூரைக்கு வெளியே நீட்டியிருக்கும் பாதுகாப்பு வால்வின் குழாயில் கொதிநீர் கொட்டும். உடனே டிபி போர்டில் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியில்) கீசர் பிரேக்கரை இறக்குங்கள். கொட்டும் குழாயை ஒருபோதும் அடைக்க வேண்டாம், தொட்டிக்கு அருகே போகவும் வேண்டாம். அழுத்தத்தில் அடைபட்ட அதிசூட்டு நீர், தொட்டி பிளந்தால் நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். விரியும் நீரை வெளியேற்றும் இன்னொரு குழாயில், தண்ணீர் சூடாகும்போது மட்டும் சொட்டுச் சொட்டாக வடிவது இயல்புதான்: 150 லிட்டர் நீர் 20இலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது 2.7 லிட்டர் கூடுகிறது, அது எங்காவது போக வேண்டுமே.

படிவை நீக்க, மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை வடித்து, எலிமென்ட்டைக் கழற்றி, அடியில் சேர்ந்த வண்டலை வாரி எடுக்க வேண்டும். புதிய கேஸ்கெட் கட்டாயம். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு கரைந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம். இது பதிவுபெற்ற பிளம்பரின் வேலை. வேலை முடிந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்துத் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள். காற்றில்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும், இல்லையேல் புது எலிமென்ட் காய்ந்து கருகும். சூட்டை 60 டிகிரியில் வைத்தால் படிவு மெதுவாகவே சேரும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமான பிறகு, டர்பனின் வடக்குப் பகுதிகளில் நாலாவது வகைச் சத்தம் பழகிப்போனது. தண்ணீர் நின்று மீண்டும் வரும்போது குழாய்க்குள் புகுந்த காற்று தண்ணீரோடு மாறி மாறி ஓடி இருமும், இடிக்கும். மெயின் வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்து, முதலில் தோட்டக் குழாயில் சேற்றுநீரைப் போக விடுங்கள். பிறகு வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறக்கலாம். அவசரப்பட்டால் மண் போய் கீசர் வால்வின் வடிகட்டியை அடைத்து, அதுவே புதிதாக நடுங்கத் தொடங்கும்.

ஜோஜோ டேங்கும் (பிளாஸ்டிக் நீர்த்தொட்டி) பம்பும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, நிற்கும்போது ‘டக்’ என்று அடித்தால், பம்புக்கு அப்பால் வீட்டுக்குப் போகும் வால்வை மூடிப் பாருங்கள். ஓட்டம் நின்றால் வீட்டில் கசிவு, பெரும்பாலும் டாய்லெட் தொட்டியில். நிற்காவிட்டால் பம்பின் ஒருவழி வால்வு தேய்ந்திருக்கிறது. பிரஷர் டேங்க் இருந்தால் பம்பை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, டயர் கேஜால் காற்றை அளக்கலாம். பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிட 20 கிலோபாஸ்கல் குறைவாக இருக்க வேண்டும். காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது, பையையோ டேங்கையோ மாற்றத்தான் வேண்டும்.