சார்ஜ்: வண்டியில் ஏற்றிய பாரம்

டீக்கடையில் போனை நீட்டி "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கலாமா?" என்று கேட்கிறோமே, அந்த 'ஏத்திக்கலாமா'வில்தான் இந்தச் சொல்லின் வேரே இருக்கிறது.

லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கார்கோ எல்லாம் இதே குடும்பம்தான். துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதற்கும் சார்ஜ் என்றார்கள். அப்புறம் 1740களில் லெய்டன் சாடி வந்தது, அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்ணாடிச் சாடி. அதை நிரப்புவதற்கும் பெஞ்சமின் பிராங்க்ளின் அதே சொல்லை எடுத்துக்கொண்டார். அந்தச் சாடிகள் பலவற்றை ஒன்றாக இணைத்து அவர் வைத்த பெயர் பேட்டரி, அதுவும் பீரங்கி வரிசையைக் குறித்த சொல்.

தமிழில் இதற்கு மின்னூட்டம் என்றும் மின்னேற்றம் என்றும் இரண்டு சொற்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டத்தைப் பார்க்கலாம், இலங்கையில் மின்னேற்றம். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். சார்ஜ் ஏறுது, சார்ஜ் இறங்கிடுச்சு என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசுகிறோம், அதனால் மின்னேற்றம், மின்னிறக்கம் என்று ஜோடியாகச் சொன்னால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

போலீஸ் ஒருவர்மேல் சார்ஜ் பண்ணினால் அது குற்றச்சாட்டு, சார்ஜ் ஷீட் குற்றப்பத்திரிகை. ஆனால் வினையாகச் சொல்லும்போது என்ன சொல்கிறோம்? குற்றம் 'சுமத்தினார்கள்'. இங்கேயும் பாரம்தான்! ஆபீசில் இன்சார்ஜ் என்றால் பொறுப்பு. பொறு என்றால் தாங்கு, பொறை என்றால் சுமை. லத்தீன்காரன் வண்டியில் ஏற்றியதைத் தமிழன் தோளில் தாங்கியிருக்கிறான், இதைக் கவனித்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பஸ் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் கட்டணம், அதில் குழப்பமில்லை. லத்தி சார்ஜில் வருவது பாய்ந்து தாக்குவது என்ற பொருள். அதற்குத் தடியடி என்று நாளிதழ்கள் எழுதுவது கச்சிதமான சொல்.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜுக்கு மட்டும் இந்த ஏற்ற இறக்கம் எதையும் கொண்டுபோகாதீர்கள். "அப்பாவை நேத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றாலே போதும்.