72-ல் ஒரு பங்கு ஸ்பிட்ஃபயர்: பழைய கிட்டின் பிழைகளும் அவற்றைத் திருத்தும் பிளாஸ்டிக்கும்

1953-ல் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் விமான கிட்டை (துண்டுகளை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல்) கடைக்குக் கொண்டுவந்தது. நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவில், இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் முதல் வகை, மார்க் 1. நிறுவனர் நிக்கோலஸ் கோவ் அது விற்கும் என்று நம்பவில்லை. அச்சுக்கு ஆன செலவை வடிவமைத்தவர்கள் தலையில் கட்டிவிடுவேன் என்று மிரட்டியதாகச் சொல்வார்கள். கிட் விற்றது. ஆனால் அது நிஜ விமானத்தை அளந்து செய்ததல்ல. அரோரா நிறுவனம் 48-ல் ஒரு பங்கில் செய்திருந்த ஸ்பிட்ஃபயரைச் சுருக்கிய நகல். உடலில் ஒட்ட வேண்டிய ‘பி.டி.-கே’ என்ற அடையாள எழுத்துகள்கூடத் தவறானவை. இன்றும் மாடல் கட்டுபவர்கள் அதை அந்த மூன்றெழுத்தால்தான் குறிப்பிடுகிறார்கள்.

நகலின் சிக்கல் இதுதான்: சுருக்கினால் பிழை சிறிதாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. 48-ல் ஒரு பங்கு மாடலில் 3 மி.மீ. தவறு இருந்தால், 72-க்குச் சுருக்கியபின் அது 2 மி.மீ. ஆகும். நிஜ விமானத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: இரண்டுமே 144 மி.மீ. பிழை அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அளக்கத்தான் கடினமாகிவிட்டது.

அதனால் திருத்த வேலை கத்தியில் தொடங்குவதில்லை, அளவுகோலில் தொடங்குகிறது. மார்க் 1 ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 11.23 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 156 மி.மீ. உடல் நீளம் 9.12 மீட்டர்; மாடலில் சுமார் 127 மி.மீ. இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் நடுவில் எதுவும் தவறலாம். புகைப்படத்தில் அளவெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கேமராவுக்கு அருகே உள்ள இறக்கை நுனி பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் விழும். தொலைவிலிருந்து, நேர் பக்கவாட்டில் எடுத்த படம்தான் ஓரளவு நம்பகமானது. அச்சிட்ட வரைபடங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அவையும் ஒன்றைப் பார்த்து ஒன்று வரையப்பட்டவையாக இருக்கலாம்.

பழைய கிட்களின் பிழைகள் எல்லாமே கவனக்குறைவு அல்ல. பாதிக்குமேல் எஃகு அச்சின் குணம். உருகிய பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் இரண்டு எஃகுப் பாதிகளுக்கு நடுவே செலுத்தி, ஆறியதும் அச்சைப் பிரிக்கிறார்கள். துண்டு சிக்காமல் வெளிவர வேண்டுமானால் அதன் பக்கங்கள் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். உள்பக்கம் குடைந்த வடிவம் இருக்கவே கூடாது. எனவே எஞ்சின் புகைக்குழாய்கள் வாயடைத்த கட்டைகளாகிவிடுகின்றன. பிளாஸ்டிக் ஓடி நிரம்ப ஒரு குறைந்தபட்சத் தடிமனும் தேவை. இறக்கையின் பின்விளிம்பு 1 மி.மீ. இருந்தால், நிஜத்தில் அது 72 மி.மீ., நான்கு விரல் அகலம். உண்மையான விமானத்திலோ அது கத்திபோல் முடிகிறது.

தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டின் கதையும் இப்படித்தான். எஃகில் ஒரு சிறு குழி போட்டால் பிளாஸ்டிக்கில் ஒரு மேடு கிடைக்கும். கோடு கீறினால் எழுந்து நிற்கும் கோடு கிடைக்கும். பள்ளமான கோடு வேண்டுமென்றால், அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள எஃகு முழுவதையும் செதுக்கியெடுக்க வேண்டும். யார் செய்வார்கள்? மின்பொறி கொண்டு அச்சு குடையும் முறை பரவியபின்தான் பள்ளக் கோடுகள் சாதாரணமாயின. பழைய கிட்டில் 0.2 மி.மீ. உயர ரிவெட் என்றால் நிஜத்தில் 14 மி.மீ. கொண்டை. ஸ்பிட்ஃபயரின் இறக்கையில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக இறங்கியிருக்கும். சமமாக்குவது அவ்வளவு அவசியமா என்று பார்க்க, ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த சூப்பர்மரீன் நிறுவனத்தின் குழு உடைத்த பட்டாணியை ரிவெட்களின் மேல் ஒட்டி விமானத்தைப் பறக்கவிட்டது. உடல் முழுவதும் பட்டாணியோடு வேகம் மணிக்கு சுமார் 35 கி.மீ. குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகச் சுரண்டியெடுத்து, எங்கே கொண்டை ரிவெட் இருந்தால் பாதகமில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே இறக்கையின் ரிவெட்களை எமரி பேப்பரால் தயங்காமல் தேய்த்துவிடலாம். உடலின் பின்பகுதியில் கொஞ்சம் யோசியுங்கள், தொடக்கக்கால ஸ்பிட்ஃபயர்களில் அங்கே கொண்டை ரிவெட்கள் உண்மையிலேயே இருந்தன.

அச்சுக்குள் ஓடி நிரம்புவதற்காகத் தேர்ந்தெடுத்த அதே பிளாஸ்டிக்தான் திருத்தத்துக்கும் கைகொடுக்கிறது. பாலிஸ்டைரீனின் நீண்ட மூலக்கூறுகள் இடியாப்பம்போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை அந்தப் பின்னல் உறைந்து, பொருள் விறைப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் தளர்ந்து இழுத்த பக்கம் வரும். பியூட்டனோன் போன்ற கரைப்பான் பட்டால், சூடே இல்லாமல் அதே தளர்ச்சி மேற்பரப்பில் மட்டும் ஏற்படும்.

மாடல் ஒட்டுவது இந்த இரண்டாவது குணத்தால்தான். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் கரைப்பானைத் தொட்டால் அது நுண்துளை ஈர்ப்பால் தானே உள்ளே ஓடும். இரு பக்க மூலக்கூறுகளும் எல்லை தாண்டிப் பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் நடுவே பசை என்று எதுவும் மிஞ்சாது. இது ஒட்டு அல்ல, பற்றவைப்பு. (ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அந்த வாசனை தலையைச் சுற்ற வைக்கும்.)

இனி இறக்கைக்கு வருவோம். ஸ்பிட்ஃபயரின் அடையாளமே அந்த நீள்வட்ட இறக்கைதான். அது தப்பினால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை என்பது என் கட்சி. கிட்டின் இறக்கை மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாக வரும். சரியான வெளிக்கோட்டை அரை மி.மீ. பிளாஸ்டிக் தாளில் வெட்டி, இரண்டுக்கும் நடுவே வைத்து ஒட்டுவது ஒரு நல்ல வழி. அதற்குமுன் இரு பாதிகளின் உள்பக்கத்தையும் பின்விளிம்பு நோக்கி நன்றாகத் தேய்த்து மெலிதாக்கிவிட வேண்டும். ஒட்டியபின், தாளின் ஓரமே புதிய விளிம்பாகிவிடும். கிட்டின் விளிம்பு உள்ளடங்கும் இடத்தில் நிரப்பியும், துருத்தும் இடத்தில் தேய்த்தும் தாளின் கோட்டுக்குக் கொண்டுவரலாம்.

தாளை வெட்டும் விதமும் விநோதம். பிளேடை அழுத்தி ஊடுருவ வெட்டுவதில்லை. இரண்டு தடவை லேசாகக் கீறிவிட்டு மடக்கினால் போதும். வளைக்கும் விசை முழுவதும் கீறலின் நுனியில் குவிந்து, விரிசல் அந்தக் கோட்டிலேயே ஓடி முறிந்துவிடும். நீள்வட்டம் போன்ற வளைவுக்கு, வெளியே பல நேர்க்கோடுகளாக முறித்துவிட்டு மீதியை அரத்தால் தேய்ப்பதுதான் நடைமுறை.

ஸ்பிட்ஃபயர் இறக்கையில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு முறுக்கு உண்டு. உடலோடு சேரும் இடத்தில் இறக்கை 2 டிகிரி நிமிர்ந்திருக்கும். நுனியில் அரை டிகிரி கவிழ்ந்திருக்கும். விமானம் வேகமிழந்து தள்ளாடும்போது உடலருகே உள்ள பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கும். அதிர்வில் விமானிக்கு எச்சரிக்கை கிடைக்கும், நுனியருகே உள்ள ஐலரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்கள்) அப்போதும் வேலை செய்யும். மாடலில் இந்த இரண்டரை டிகிரி எவ்வளவு? 20 மி.மீ. அகலமுள்ள இடத்தில், முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் ஒரு மி.மீ.க்கும் குறைவான உயர வேறுபாடு. ஒட்டும்போதே நுனியின் பின்விளிம்பை ஒரு சிறு தாள்துண்டால் தூக்கி வைத்துக் காயவிட்டால் வந்துவிடும். பின்னால் முறுக்கப் பார்த்தால் இணைப்பு விரிந்துவிடும்.

கீழ்ப்பக்கத்தில் பழைய கிட்கள் தடுமாறும் இடம் ரேடியேட்டர். மார்க் 1-ல் இரு பக்கமும் ஒரே மாதிரி கிடையாது. வலது இறக்கையின் கீழே பெட்டிபோன்ற ரேடியேட்டர்; இடதில் ஆயில் குளிர்விப்பானின் சிறிய அரைவட்டக் கூடு. மார்க் 9-ல்தான் இருபுறமும் பெட்டிகள் வந்தன. ரேடியேட்டர் பெட்டியைக் குடைந்து வாய் திறந்து காட்டினாலே மாடலின் தோற்றம் மாறிவிடும். காற்று முன்வாயில் புகுந்து, விரியும் குழாயில் வேகம் குறைந்து, ரேடியேட்டரில் சூடேறி, குறுகும் பின்வாயில் வேகமெடுத்து வெளியேறுகிறது. அந்த வெப்பம் குளிர்விப்பால் வரும் எதிர்விசையில் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்று 1930-களில் விளக்கியவர் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் இருந்த மெரிடித். கால் மி.மீ. தாளில் நான்கு சுவர்களை மடித்து ஒட்டி இதை நீங்களே செய்யலாம். கால் மி.மீ. என்பதே நிஜத்தில் 18 மி.மீ.; அதுவும் அதிகம்தான். ஆனால் கண் தடிமனை ஓரத்தில்தான் அளக்கிறது. வெளியே தெரியும் உதட்டை மட்டும் உள்ளிருந்து சாய்வாகத் தேய்த்தால், மொத்தச் சுவரும் தகடாகிவிட்டதுபோல் தோன்றும். காக்பிட் இருக்கைக்கும் இதே தந்திரம். பல ஸ்பிட்ஃபயர்களில் அந்த இருக்கை பிசினூட்டிச் செய்த செம்பழுப்பு பிளாஸ்டிக் என்பதால், வெள்ளி நிறம் அடித்துவிடாதீர்கள்.

விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியான கேனப்பிதான் எனக்குப் பிடித்த வேலை. நிஜ விமானத்தின் குமிழ் மூடி, பெர்ஸ்பெக்ஸ் என்ற தெளிவான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி ஊதிச் செய்தது. நாமும் கிட்டத்தட்ட அதையே செய்கிறோம். மரத்தில் மூடியின் வடிவத்தைச் செதுக்கி, தாளின் தடிமன் அளவுக்குச் சற்றுச் சிறிதாக்கி வழவழப்பாக்க வேண்டும். மரத்தின் நரம்பு தெரிந்தால் அது அப்படியே கண்ணாடியில் பதிந்துவிடும். அதே வடிவத்தில் ஓட்டை போட்ட பலகையில் தெளிவான பிளாஸ்டிக் தாளைப் பதித்து, தாள் தொய்யும்வரை சூடாக்கி, மரத்தை ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். தாள் நீளும் இடங்களில் மெலியும், அதனால் கிட்டின் தடித்த கண்ணாடியில் தெரியும் கோணல் இதில் இருக்காது. ஒட்டும்போது மட்டும் ஃபெவிக்விக் வகைப் பசையைத் தொடாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியின்மேல் படிந்து, காற்றின் ஈரத்தில் வெள்ளைப் பூச்சாக இறுகிவிடும்.

ஏரியல் கம்பிக்கு, கிட் துண்டுகளைத் தாங்கி வரும் சட்டத்தின் ஒரு குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே உருட்டி, தளர்ந்ததும் வெளியே எடுத்து இழுப்பார்கள். தலைமுடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். வேகமாக ஆறியதால் அதன் மூலக்கூறுகள் நீட்டிய நிலையிலேயே உறைந்திருக்கும், பழையபடி சுருளக் காத்திருக்கும். கட்டிய இழை தொங்கினால், எரியும் ஊதுபத்தியைத் தொடாமல் அருகே கொண்டுபோனால் போதும், விறைத்துக்கொள்ளும். ஒரு நொடி அதிகமானால் அறுந்துவிடும்.

இடைவெளிகளை நிரப்ப, அந்தச் சட்டத்தையே பொடியாக நறுக்கிக் கரைப்பானில் ஊறவைத்த கூழ் நல்லது. மென்மையும் கடினமும் கிட்டின் பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போவதால், தேய்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் குழியாது. ஆனால் இதிலும் கரைப்பான் இருக்கிறது. தடித்த இடத்தில் அது வெளியேற நாள் கணக்காகும், அதுவரை கூழ் சுருங்கிக்கொண்டே இருக்கும். தாள்களை அடுக்கி ஒட்டிய இறக்கையிலும் அப்படித்தான். மறையும் பக்கத்தில் ஊசித் துளைகள் போட்டால் ஆவி போக வழி கிடைக்கும். அவசரப்பட்டு மறுநாளே பெயின்ட் அடித்தால், ஒரு மாதம் கழித்து இணைப்புக் கோடு மெல்லிய பள்ளமாக மேலே தெரியத் தொடங்கும். அப்போது பெயின்டைச் சுரண்டுவதைத் தவிர வேறு வழியில்லை.