எந்த வங்கிக் கணக்கானாலும் தபால்காரரிடம் பணம் எடுக்கலாம்: நீலகிரி மக்களுக்கு ஒரு விளக்கம்

நீலகிரியில் ஏடிஎம் என்பது டவுன்காரர்களுக்கான வசதி. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பஜாரில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று கண்ணில் படும். மஞ்சூரைத் தாண்டி கிண்ணக்கொரைப் பக்கம் இருப்பவருக்கும், பந்தலூர் தாலுகாவின் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவருக்கும் கதை வேறு. ஆயிரம் ரூபாய் எடுக்க வேண்டும் என்றால் அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அதுவும் முடியாது. மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழுகிறது, சரி. அதைக் கையில் வாங்குவதற்குள் ஒரு நாள் கூலி போய்விட்டால் அந்தத் தொகைக்கு என்ன அர்த்தம்?

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கணக்கு ஸ்டேட் வங்கி, கனரா, இந்தியன் வங்கி, கூட்டுறவு வங்கி என்று எதில் இருந்தாலும், அது ஆதாருடன் இணைந்திருந்து, அந்த வங்கியும் ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவில் சேர்ந்திருந்தால் போதும். கடிதம் கொண்டுவரும் தபால்காரரிடமே கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். 2019 செப்டம்பரில் தபால் துறை இதைத் தொடங்கியது. இத்தனை வருடம் கழித்தும் இது தெரியாதவர்கள் நம் மலையில் ஏராளம். அரைகுறையாகக் கேள்விப்பட்டு, "ரேகை வெச்சா பணமெல்லாம் போயிடுமாமே" என்று பயந்து ஒதுங்குபவர்கள் அதைவிட அதிகம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது என்பதால் இது எப்படி நடக்கிறது என்று விவரமாகவே சொல்கிறேன்.

தபால் ஆபீசுக்குள் என்ன மாறியது

2017 டிசம்பரில் 'தர்பன்' என்ற திட்டம் வந்தது. நாடு முழுவதும் சுமார் 1.29 லட்சம் கிளை அஞ்சலகங்களுக்குக் கையடக்க மெஷின் கொடுத்து, கரண்ட் இல்லாத இடத்திலும் ஓடும்படி சூரிய மின்தகடும் சேர்த்துக் கொடுப்பது திட்டம். மறு வருடம் 2018 செப்டம்பர் 1 அன்று இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. மக்கள் வாயில் இது 'தபால் வங்கி'. 2025 ஆகஸ்ட்டுக்குள் ஏறக்குறைய 1.65 லட்சம் அஞ்சலகங்களும் ஒரே புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டன. மைசூருவில் இருக்கும் தபால் துறையின் சொந்தத் தொழில்நுட்ப மையம் எழுதிய மென்பொருள் அது. கவுண்டரில் கியூஆர் கோடு காட்டி யுபிஐ மூலம் பணம் வாங்குவது அதனுடன் வந்ததுதான். சில்லறைக்காக நடந்த சண்டைகள் பாதி ஓய்ந்தன.

ரேகை வைத்தால் என்ன நடக்கிறது

தபால்காரரிடம் ஒரு போனும், அதனுடன் இணைத்த சின்ன ரேகை மெஷினும் இருக்கும். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, செக் எதுவும் வேண்டாம். ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் சொன்னால் போதும்.

"எவ்வளவு எடுக்கணும் பாட்டி?"

"ரெண்டாயிரம் போதும் தம்பி."

அவர் ஆதார் எண்ணை அடித்து, பட்டியலில் உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்து, 2,000 என்று போடுவார். இந்த இடத்தில்தான் நீங்கள் ஒரு நொடி நிறுத்த வேண்டும். திரையைக் காட்டச் சொல்லி, தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விரலை வைக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் எண்கள் தெரியும். பேத்தியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ அருகில் நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை.

விரல் வைத்ததும் ரேகை அந்தச் சின்ன மெஷினுக்குள்ளேயே ரகசியக் குறியீடாக மாற்றப்படுகிறது. தபால்காரரின் போனில் அது படமாகத் தங்காது. ஆதார் ஆணையம் ரேகையைச் சரிபார்க்கிறது. பிறகு உங்கள் வங்கி கணக்கில் பணம் கழித்து அனுமதி கொடுக்கிறது. எல்லாம் சில நொடிகள்தான், டவர் இருந்தால். மலையில் அந்த 'இருந்தால்' பெரிய விஷயம். வீட்டு வாசலில் சிக்னல் கிடைக்காமல், மேட்டில் ஏறி நின்று வேலை முடிக்கும் தபால்காரர்கள் உண்டு. அவர் கூப்பிட்டால் நாமும் கூட நடந்து போகத்தான் வேண்டும்.

ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். ஆனால் தபால்காரர் பையில் எப்போதும் அவ்வளவு பணம் இருக்காது. பெரிய தொகை தேவைப்பட்டால் முந்தின நாளே சொல்லிவைத்தால் அவர் ஆபீசில் ஏற்பாடு செய்துகொண்டு வருவார். இருப்பு பார்க்கவும், கடைசியாக நடந்த சில வரவுசெலவுகளைப் பார்க்கவும் இதே மெஷின் போதும். வீடு தேடி வரும் சில சேவைகளுக்குக் கட்டணம் உண்டு என்பதால், வேலை தொடங்கும் முன்பே எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களின் பெரிய பிரச்சினை. வருடக்கணக்காகப் பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும், கறை ஏறியிருக்கும், டிசம்பர் பனியில் தோல் வெடித்திருக்கும். மெஷின் 'பொருந்தவில்லை' என்று சொன்னதும் பலர் மனமுடைந்து திரும்பிவிடுகிறார்கள். வெந்நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வைத்துப் பாருங்கள். கட்டைவிரல்தான் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது, மோதிர விரலோ இடது கை விரலோ ஏதாவது ஒன்று ஒத்துப்போனால் போதும். எதுவுமே படியவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். 2025 ஆகஸ்ட் முதல் தபால் வங்கி, விரலுக்குப் பதில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் முறையையும் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் ஊர்த் தபால்காரரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு இதைவிட உதவியான மாற்றம் வேறு இல்லை என்பது என் கருத்து.

இரண்டு கணக்கு, ஒரே குழப்பம்

தபால் ஆபீசில் இப்போது இரண்டு வகைச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்று, தாத்தா காலத்திலிருந்து வரும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு. குறைந்தது 500 ரூபாய் போட்டுத் தொடங்க வேண்டும், வட்டி 4 சதவீதம், எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். மற்றது, தபால் வங்கிக் கணக்கு. பணமே போடாமல் ஆதாரும் கைரேகையும் வைத்து வாசலிலேயே தொடங்கலாம். வட்டி அதைவிடக் குறைவு. நாள் முடிவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் அதில் இருக்கக் கூடாது, கடனும் தர மாட்டார்கள். இரண்டையும் இணைத்துக்கொண்டால் 2 லட்சத்தைத் தாண்டும் பணம் தானாகவே சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். மகள் பெயரில் செல்வமகள் கணக்கு வைத்திருப்பவர்கள் அதற்கான பணத்தையும், மாதாமாதம் கட்டும் ஆர்டி தவணையையும் தபால் வங்கியின் செயலி வழியாகப் போனிலேயே கட்டலாம். தபால் வங்கி வழியாக விபத்துக் காப்பீடும் கிடைக்கும். அது தனி விஷயம். கணக்குத் தொடங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வேண்டும் என்றால் மட்டும் எடுத்தால் போதும்.

எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. புதிதாகத் தபால் வங்கிக் கணக்குத் தொடங்கும்போது, "அரசு உதவித்தொகை இந்தக் கணக்குக்கு வரட்டுமா?" என்று கேட்கப்படும். சரி என்று ஒப்புதல் கொடுத்துவிட்டால், ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் பணம் பழைய வங்கிக்குப் போகாமல் இங்கே வந்துவிடும். விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் போன்ற உதவிகள் அப்படித்தான் அனுப்பப்படுகின்றன. ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு கணக்குதான் அந்த இடத்தில் நிற்க முடியும், கடைசியாக எதற்கு ஒப்புதல் கொடுத்தீர்களோ அதுதான். "எனக்கு மூன்று தவணையாகப் பணமே வரவில்லை" என்று பழைய வங்கி வாசலில் நின்று வருந்துபவர்களில் சிலருடைய பணம் தபால் வங்கியில் பத்திரமாகக் கிடக்கும். சந்தேகம் இருந்தால் ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்ற பகுதியைப் பாருங்கள், எந்த வங்கி என்று பெயரோடு காட்டும். கணக்குத் தொடங்கித் தருபவர்களும் இதை வாய்விட்டுச் சொல்லிப் புரியவைத்த பிறகே ஒப்புதல் வாங்க வேண்டும். அவசரத்தில் விடுபடக்கூடிய விஷயம் இல்லை இது.

ஓய்வூதியக்காரர்களுக்கு

ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் காட்ட வேண்டிய சான்று இருக்கிறதே, அதையும் தபால்காரர் வீட்டிலேயே எடுத்துத் தருவார். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், போன் எண் நான்கும் கையில் இருக்கட்டும். ரேகையோ முகமோ சரிபார்த்ததும் சான்று மின்னணு வழியாக உரிய அலுவலகத்துக்கே போய்விடும், காகிதம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இதற்குத் தபால் வங்கி வாங்கி வந்த கட்டணம் 70 ரூபாய். எஸ்டேட்டிலும் தேயிலை ஃபேக்டரியிலும் வேலை பார்த்து பிஎஃப் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு அந்தச் செலவை வருங்கால வைப்பு நிதி அமைப்பே ஏற்கும்படி 2025 நவம்பரில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அவர்கள் வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். முட்டி வலியோடு இருக்கிற பெரியவரை இதற்காக ஊட்டிக்குப் பஸ் ஏற்றுவதை இனியாவது நிறுத்திவிடலாம்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆதார் எடுப்பது, ஆதாரில் போன் எண் மாற்றுவது போன்றவற்றுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. குழந்தைக்கு இலவசம்.

கடிதப் போக்குவரத்திலும் மாற்றம்

2025 முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஸ்பீடு போஸ்ட்டிலேயே 5 ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டிப் பதிவு செய்யலாம். அதே 5 ரூபாய்க்கு ஓடிபி சொன்னால் மட்டும் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. பட்டா நகல், கோர்ட்டுக் காகிதம், சான்றிதழ் அனுப்புபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

643 என்று தொடங்கும் நம் பின்கோடு அப்படியேதான் இருக்கும். அதோடு 'டிஜிபின்' என்று 10 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று 2025 மே மாதம் வந்திருக்கிறது. ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் இடத்தைக் குறிக்கும். கதவு எண் இல்லாத லைன் வீடு, காட்டோரக் குடியிருப்பு எல்லாவற்றுக்கும் இதில் ஒரு குறியீடு உண்டு. அதில் உங்கள் பெயரோ விவரமோ இருக்காது, இடம் மட்டும்தான்.

ரேகையைக் காப்பது எப்படி

ஒரு முறை விரல் வைத்தால் ஒரு வேலை. "சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று யார் சொன்னாலும், முதல் முறை ஏன் நடக்கவில்லை என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். பணம் எடுத்த பிறகு ரசீதோ குறுஞ்செய்தியோ கட்டாயம் வேண்டும். வங்கியில் போன் எண் பதிவாகியிருந்தால் உங்கள் வங்கியிலிருந்தே செய்தி வரும். பதிவாகவில்லை என்றால் முதலில் அந்த வேலையை முடியுங்கள். நேர்மையான தபால்காரருக்கும் இதுதான் பாதுகாப்பு, நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் அவர் காட்டவும் ஒரு ரசீது இருக்கும்.

ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டியிருக்கும்போது உங்கள் ரேகையை வைத்து எங்கேயும் பணம் எடுக்க முடியாது. தபால்காரர் வரும்போது தற்காலிகமாகத் திறந்தால் சிறிது நேரத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் நாளிலும் திறக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அரிசி வாங்க முடியாமல் திரும்ப வேண்டியிருக்கும்.

"உங்கள் பார்சல் முகவரி தவறு, இந்த இணைப்பில் விவரம் கொடுங்கள்" என்று தபால் துறையின் பெயரில் வரும் குறுஞ்செய்தி மோசடி. இணைப்பைத் தொடவே வேண்டாம். வாசலில் நிற்கும் தபால்காரரிடம் பார்சலைப் பார்த்து ஓடிபி சொல்லலாம். போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. பணம் பறிபோய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு போன் செய்யுங்கள்.

கணக்கில் பணம் கழிந்து, மெஷினில் உறுதி வராமல், பணமும் கைக்கு வரவில்லை என்றால் பதற வேண்டாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் நம் ஊரில் இது நடக்கக் கூடியதுதான். நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் கணக்குக்குத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. தேதி, நேரம், தொகை, ரசீதில் உள்ள எண் நான்கையும் குறித்து முதலில் உங்கள் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தபால் வங்கியின் உதவி எண் 155299, தபால் துறைக்கு 1800 266 6868. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். எப்படி எழுதுவது என்று 14448க்கு போன் செய்து கேட்டுக்கொள்ளலாம்.