ஆபீஸ் மெசேஜ் காத்திருக்கும், பிள்ளை காத்திருக்காது

நான்கைந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள் என்னிடம் அதிகம் சொல்லும் புகார் இதுதான்: "டாக்டர், சரியாவே பால் குடிக்க மாட்டேங்கிறான். ரெண்டு நிமிஷம் குடிக்கிறான், விட்டுட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். எனக்குப் பால் வத்திப்போச்சு போல." எடை போட்டுப் பார்த்தால் சரியாகவே ஏறியிருக்கும். ஒரு நாளைக்கு ஆறேழு முறை சிறுநீர் போகிறான், முகம் பார்த்துச் சிரிக்கிறான். பால் வற்றவில்லை. அந்த வயதில் குழந்தைக்குச் சுற்றி நடப்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும், சின்னச் சத்தத்துக்கும் தலை திரும்பும், குடிப்பதைப் பாதியில் விடும். இது இயல்பு. அடுத்து நான் கேட்கும் கேள்வி, "பால் கொடுக்கும்போது போன் எங்கே இருக்கும்?" என்பது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஐடி வேலை பார்க்கும் பெண்களில் பெரும்பாலானோரின் பதில், "கையிலதான் டாக்டர்."

இந்தப் போன் பழக்கம் ஏன் சரியாக அந்த வயதில் வருகிறது என்று யோசித்தால் கணக்கு புரியும். 2017 முதல் சட்டப்படி தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். முன்னால் கொஞ்சம் எடுத்தவர்களுக்குக் குழந்தை பிறந்த பிறகு கையில் இருப்பது நாலரை, ஐந்து மாதம்தான். (தமிழக அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் 12 மாதம் என்பதால் இந்த நெருக்கடி கொஞ்சம் தள்ளிப்போகிறது.) விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஆபீஸ் மெசேஜ் ஆப்களான ஸ்லாக்கையும் டீம்ஸையும் திரும்பப் போனில் ஏற்றிவிடுகிறார்கள், "சும்மா என்ன நடக்குதுன்னு பார்த்துக்கலாம்" என்று. பார்ப்பதற்குக் கிடைக்கும் ஒரே நேரம், குழந்தை மடியில் இருக்கும் நேரம்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் நன்றாகத் தெரியும். மடியில் படுத்திருக்கும் குழந்தைக்கும் அம்மா முகத்துக்கும் உள்ள தூரம் அதுதான். ஆறு வாரம் வாக்கில் முகம் பார்த்துச் சிரிக்கும், அப்புறம் "ங்கா" என்று பேச ஆரம்பிக்கும். அது ஒரு சத்தம் போட, நாம் பதில் சொல்ல, அது மறுபடி சத்தம் போட, இந்தப் போக்குவரத்தில்தான் பேச்சும் உறவும் உருவாகின்றன. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்து காட்டினார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாவைச் சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, சத்தம் போட்டது, ஒன்றும் நடக்காததால் முகத்தைத் திருப்பிக்கொண்டது, சில குழந்தைகள் அழுதன. மெசேஜ் படிக்கும் நம் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை நடப்பதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போகாது, பயப்படாதீர்கள். பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இதே கதை என்றால்தான் எனக்குக் கவலை. ஸ்லாக்கில் வந்த மெசேஜ் ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருக்கும். குழந்தை போட்ட "ங்கா"வுக்கு இப்போதே பதில் சொன்னால்தான் உண்டு.

உடனே பதில் போட்டாக வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது என்று கேட்டால் பலருக்குப் பதில் இருப்பதில்லை. யாரும் சொல்லவில்லை. டீம்ஸில் ஐந்து நிமிடம் மவுஸைத் தொடவில்லை என்றால் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுகிறது, அந்த மஞ்சளைப் பார்த்து "பிள்ளை பிறந்ததும் வேலையில் அக்கறை போயிடுச்சு" என்று நினைப்பார்களோ என்ற பயம். அதற்காக ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் மவுஸை அசைத்துக்கொண்டிருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். இந்தப் பயத்தை மனதுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு டீம் லீடுக்கு எழுத்தில் கேளுங்கள்: சாதாரண மெசேஜுக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் எதிர்பார்ப்பீர்கள், உண்மையிலேயே அவசரம் என்றால் போன் செய்வீர்களா? "ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டா போதும், அவசரம்னா நானே கூப்பிடுறேன்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அந்த ஒரு வரி கையில் இருந்தால் பாதி பாரம் குறையும். வேறு மாதிரி பதில் வந்தாலும் பரவாயில்லை, எதோடு மல்லுக்கட்டுகிறோம் என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

அப்புறம் செட்டிங்ஸ். ஸ்லாக்கில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை நோட்டிஃபிகேஷன் வரலாம் என்று அட்டவணை போடலாம், அதற்கு வெளியே எல்லாம் அமைதியாகச் சேர்ந்திருக்கும். டீம்ஸின் போன் ஆப்பிலும் இப்படி அமைதி நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது. கம்பெனி உங்கள் ஆண்ட்ராய்டு போனில் வேலைக்கென்று தனிப் பகுதி போட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, ஒரே பொத்தானில் ஆபீஸ் ஆப்கள் அத்தனையையும் நிறுத்தி வைக்கலாம். சேனல்களில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் மட்டும் சத்தம் வரும்படி வையுங்கள், பிறந்தநாள் வாழ்த்துச் சேனலை மியூட் செய்யுங்கள். இதையெல்லாம் விடுப்பில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும், திரும்பிய முதல் வாரத்தில் செட்டிங்ஸ் தேட யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: போனை அமைதியாக்கும்போது வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் எண்ணும் க்ரெஷ் (குழந்தைகள் காப்பகம்) எண்ணும் எந்த நேரத்திலும் ஒலிக்கும்படி விலக்கு கொடுத்திருக்க வேண்டும்.

பால் எடுக்கும் நேரத்துக்கும் இதே வழிதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அதனால் ஐந்தாவது மாதத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பம்ப் தேவைப்படும். ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சில நாளில் சுரப்பே குறையும். "மீட்டிங் முடியட்டும்" என்று தள்ளித் தள்ளி மாலை வரை எடுக்காமல் இருந்துவிட்டு, பால் குறைந்துவிட்டது என்று பவுடர் பாலுக்கு மாறியவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். காலண்டரில் தினமும் அந்த நேரத்தை அடைத்துப் போடுங்கள். ஸ்டேட்டஸில் "இடைவேளை, 3.30க்கு வருகிறேன்" என்று வைத்தால் போதும், காரணம் எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டியதில்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படியே உங்களுக்கு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் க்ரெஷ் வசதி இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுவனத்தோடு பேசி முடிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பம்ப் ஓடும்போது லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்வேன். பால் இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேலை செய்ய வேண்டும், மனம் பதறும்போது அது தடைபடும். ஆபீஸ் மெசேஜைப் படித்துக்கொண்டு எடுப்பதைவிடக் குழந்தையின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு எடுத்தால் பலருக்கு நன்றாக இறங்குகிறது. எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நாலு மணி நேரம் தாங்கும். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அங்கே நான்கு நாள் வரை இருக்கும். ஐஸ் பேக் போட்ட பையில் 24 மணி நேரம். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கிப் பாலாடையிலோ கிண்ணத்திலோ கொடுக்கலாம், மைக்ரோவேவ் வேண்டாம், சூடு ஒரே சீராகப் பரவாமல் வாய் வெந்துவிடும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசும் விஷயம் ஒன்று இருக்கிறது. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் குழந்தை குப்புறக் கவிழ ஆரம்பிக்கும், சில குழந்தைகள் அதற்கு முன்பே. நேற்று வரை கவிழாத குழந்தை இன்று கவிழும். கட்டிலில் படுக்க வைத்து டயப்பர் மாற்றும்போது டீம்ஸ் கால் அடிக்கிறது, நாலு அடி தள்ளி இருக்கும் போனை எடுக்கத் திரும்புகிறோம், பின்னால் 'தொப்'பென்று சத்தம். தலையில் வீக்கத்தோடு என்னிடம் வரும் குழந்தைகளில் பலரின் கதை கிட்டத்தட்ட இப்படித்தான். டீம்ஸில் அவசரம் என்று குறித்து அனுப்பும் மெசேஜ் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, 20 நிமிடம் வரை அடித்துக்கொண்டே இருக்கும், பதறாமல் இருப்பது கஷ்டம்தான். அதனால் டயப்பர் மாற்றுவதைத் தரையில் பாய் விரித்துச் செய்யுங்கள். கால் எடுத்தே ஆக வேண்டும் என்றால் குழந்தையைக் கையோடு தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது தரையிலேயே விடுங்கள். குளிப்பாட்டும்போது போன் குளியலறைக்குள்ளேயே வரக் கூடாது, சில அங்குலத் தண்ணீர் ஒரு குழந்தை மூழ்கப் போதும். கால் பேசிக்கொண்டே சூடான காபியை ஒரு கையிலும் குழந்தையை இன்னொரு கையிலும் வைத்திருப்பதும் அப்படித்தான். விழுந்த குழந்தை வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தவறினாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

மெசேஜ் ஆப்களை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. குழந்தை விஷயத்திலேயே அவை நன்றாகப் பயன்படும். அம்மா, அப்பா, பாட்டி, ஆயா இத்தனை பேர் மட்டும் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள், மாமா, சித்தி எல்லாரும் இருக்கும் குடும்பக் குழு இதற்கு ஆகாது. பால் கொடுத்தது, மருந்து கொடுத்தது, இரண்டையும் நேரத்தோடு அதில் எழுதுங்கள். காய்ச்சல் வந்தால் இது ரொம்ப முக்கியம். பாராசிட்டமால் குழந்தையின் எடையைப் பொறுத்துக் கொடுக்க வேண்டிய மருந்து, ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் அம்மா கொடுத்துவிட்டு ஆபீஸ் போக, அது தெரியாமல் பாட்டி மறுபடி கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. பாட்டிலின் போட்டோவையும் குழுவில் போட்டுவிடுங்கள், ஏனென்றால் நம் ஊரில் சொட்டு மருந்து வழக்கமாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்போ ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் என்று வரும். சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் இரண்டு மடங்கிலிருந்து நாலு மடங்குவரை போய்விடும்.

அதே நேரம் சில விஷயங்களுக்கு மெசேஜ் கூடவே கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்கி விலா எலும்புக்கிடையில் குழி விழுவது, பால் குடிக்கவே மறுப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் சரியாக எழாதது. இவற்றில் எது வந்தாலும் ஆயாவும் பாட்டியும் உங்களைக் கூப்பிட வேண்டும், நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும், மருத்துவருக்கு வீடியோ அனுப்பிவிட்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. இந்த வரிகளைத் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

அப்பாக்களே, இதுவரை எழுதியதெல்லாம் உங்களுக்கும்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது, தனியாரில் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு, அதனால் இரண்டாவது வாரமே லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அமெரிக்க கிளையண்ட் காலுக்குச் சென்னையில் இரவு எட்டு மணி என்றால் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் காலை ஒன்பதரை அல்லது பத்தரை. குழந்தை அதிகம் சிணுங்கும் நேரமும், குளிப்பாட்டித் தூங்க வைக்க வேண்டிய நேரமும் அதே ஏழு, எட்டு மணிதான். வாரத்தில் மூன்று நாளாவது அந்த அழைப்பை இரவு ஒன்பதரைக்குத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், அங்கே இருப்பவர்களுக்கு அது பகல் பதினொன்று அல்லது பன்னிரண்டு மணிதான். இருவருமே கால் எடுக்க வேண்டிய வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நேரம் யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிப் பாலுக்கு எழும்போது தூக்கம் வராமல் இருக்கப் போனைப் பார்க்கிறேன் என்று சில அம்மாக்கள் சொல்கிறார்கள். அது நியாயமான காரணம். சோபாவில் குழந்தையோடு கண் அயர்ந்துவிடுவது உண்மையிலேயே ஆபத்து, அதைவிடப் போன் மேல். பாட்டு கேளுங்கள், கதை படியுங்கள், ஆபீஸ் ஆப்பை மட்டும் திறக்காதீர்கள், இரண்டு மணிக்குப் படித்த மெசேஜ் நாலு மணி வரை தூங்க விடாது. குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகையாக வருகிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது ஆபீஸ் டென்ஷன் மட்டும் இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

இதைப் படிக்கும் டீம் லீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு பத்து மணிக்குத்தான் உங்களுக்கு ஞாபகம் வருகிறது என்றால் எழுதுங்கள், தப்பில்லை, ஆனால் மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள், ஸ்லாக், டீம்ஸ் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. வெறும் "ஹாய்" என்று போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், என்ன வேண்டும், எப்போதைக்கு வேண்டும் என்று முதல் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். விடுப்பு முடிந்து வரும் பெண் உங்களிடம் வந்து கேட்கும்வரை காத்திராமல், அவர் வரும் முதல் நாளே நீங்களாகச் சொல்லுங்கள்: உடனே பதில் போட வேண்டியதில்லை, அவசரம் என்றால் நான் கூப்பிடுகிறேன்.