நம்பர் பிளேட் இல்லாத வண்டியும் நடுவில் கிடக்கும் ரோடும்

புதுச்சேரியில் கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, நரம்பை பக்கம், சவுக்குத் தோப்பில் நாலு பேர் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓட்டப்போகும் தரிசு மெயின் ரோட்டுக்கு மேற்கே இருக்கிறது. தெரிந்தவரின் பட்டா நிலம், ஓட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நடுவில் ஒரே ஒரு ரோடு. பாண்டிக்காரர்களுக்கு அது கடலூர் ரோடு, கடலூர்க்காரர்களுக்கு அதுவே பாண்டி ரோடு. நம்பர் பிளேட் இல்லாத ஏ.டி.வி.யையோ (காடு மேட்டில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) டர்ட் பைக்கையோ (மண்ணில் ஓட்டும் பைக்) அதைத் தாண்டி ஓட்டிப் போகலாமா? “குறுக்கேதானே போறோம், ரெண்டு நிமிஷம்” என்பார்கள். கூடாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு செய்யாத மோட்டார் வாகனத்தை ஓட்டக் கூடாது என்கிறது. உரிமையாளர் பிறரை ஓட்டவிடவும் கூடாது. எத்தனை மீட்டர் வரை பரவாயில்லை என்ற கணக்கு அதில் கிடையாது. மீறினால் 192-வது பிரிவின்படி முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 5,000 முதல் 10,000 வரை, அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பதிவில்லாத வண்டியைப் பிடித்து வைக்க 207-வது பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை பிடிபட்ட வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்பதுதான் அபராதத்தைவிடப் பெரிய வலி. இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000, ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 என்று அதன்மேல் ஏறிக்கொண்டே போகும்.

பலர் இடறுவது ‘பொது இடம்’ என்ற சொல்லில்தான். தார் போட்டிருந்தால்தான் ரோடு என்று நினைக்கிறோம். சட்டத்தின்படி பொதுமக்கள் உரிமையோடு போய்வரக்கூடிய எந்த இடமும் பொது இடம்தான். அது வேறொரு இடத்துக்குப் போகும் வழியாகக்கூட இருக்க வேண்டியதில்லை. தோப்புக்கும் தரிசுக்கும் இடையே இருக்கும் வண்டிப்பாதை, ஏரிக்கரை, கடற்கரை மணல் எல்லாம் இதில் வந்துவிடும். நமக்குத் தனியார் வழியாகத் தெரிவது கிராமக் கணக்கில் ‘வண்டிப்பாதை’ என்றோ புறம்போக்கு என்றோ இருக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கமென்றால் சர்வே எண்ணை வைத்து ‘அ’ பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற கணக்கு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். புதுச்சேரிக்கு அந்த அரசின் நில ஆவணத் தளம் தனியாக இருக்கிறது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் போய், பாதை யாருடையது என்று ஊர்க்காரர்களோடு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொந்த நிலத்துக்குள் ஓட்ட எந்தச் சட்டமும் இல்லை என்பதும் பாதி உண்மைதான். 39-வது பிரிவு ‘பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ’ என்றே சொல்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ, சுற்றி அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடும்படி தனி வகையாகச் செய்த வண்டிகள் போன்ற சிலவற்றைத்தான் ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையிலிருந்து சட்டம் விலக்குகிறது. அதனால் வேலி உள்ள இடம் நல்லது. கேட்டைத் தாண்டிய நொடியில் அந்த வாதம் நிற்காது.

“அப்போ பதிவு பண்ணிடலாமே?” பல வண்டிகளுக்கு முடியாது. கடைக்காரரிடம் விலைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஃபார்ம் 22 கிடைக்குமா?” வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று அது. பதிவுக்கான விண்ணப்பம் ஃபார்ம் 20, விற்பனைச் சான்று ஃபார்ம் 21. மற்றதெல்லாம் இருந்து 22 மட்டும் இல்லையென்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வேலை நகராது. கவாசாகி கே.எக்ஸ். போன்ற பந்தய பைக்குகள் ரோட்டுக்கென்று விற்கப்படுபவை அல்ல. ஆன்லைனில் வரும் 110 சி.சி. குட்டி ஏ.டி.வி.களும் இதே கதைதான். போலாரிஸ் கம்பெனி ஒரு ஏ.டி.வி.யை டிராக்டர் வகையில் அனுமதி வாங்கி ரோட்டுக்கு ஏற்றபடி விற்றது, அது விதிவிலக்கு. மண்ணிலும் ஓட்ட வேண்டும், ரோட்டிலும் ஓட்ட வேண்டும் என்றால் எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி நம்பர் பிளேட்டோடு வரும் பைக்தான் நிம்மதி. டி.என். 31 (கடலூர்) ஆனாலும் பி.ஒய். 01 (புதுச்சேரி) ஆனாலும் எல்லைக்கு இருபுறமும் செல்லும். ஆனால் இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே கண்ணாடியையும் இண்டிகேட்டரையும் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 18 வயது ஆகாத பையன் ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. “தோப்பு வாசல் வரைக்கும்தான் ஓட்டினான்” என்பது அங்கே எடுபடாது.

கடற்கரை வழியாகவே போய்விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது, சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று அது. மணலில் கண்டபடி வண்டி ஓட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. மற்ற கரைகளிலும் ஜனவரி தொடங்கிப் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. சக்கரம் ஏறி முட்டைக்குழி நசுங்கினால் போக்குவரத்து அபராதத்தோடு முடியாது. படகு இழுக்க டிராக்டர் வருகிறதே என்றால், அது அவர்கள் பிழைப்பு, நம்முடையது பொழுதுபோக்கு. பிச்சாவரம் பக்கம் காப்புக்காட்டு எல்லைக்குள் வண்டியை விடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, எப்படித்தான் கொண்டுபோவது? குட்டியானைதான், அதாவது டாட்டா ஏஸ். பெரிய ஏ.டி.வி. ஒன்று முந்நூறு, நானூறு கிலோ இருக்கும். ஏஸ் அதைத் தாங்கும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு 66-வது பிரிவின்படி பெர்மிட் வேண்டாம் என்பதால் முள்ளோடையில் புதுச்சேரி–தமிழ்நாடு எல்லையைத் தாண்டுவதிலும் பெர்மிட் சிக்கல் வராது. கார் பின்னால் டிரெய்லர் மாட்டுவதாக இருந்தால் டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். சட்டத்தில் அதுவும் மோட்டார் வாகனம்தான். கயிறு கட்டி இழுப்பது பழுதான வண்டிக்கு உள்ள சலுகை, நல்ல வண்டிக்கு அல்ல. பின்னால் ஏ.டி.வி.யைப் பிடித்துக்கொண்டு ஆள் உட்கார்ந்து வரவும் கூடாது. நாலு மூலையிலும் பெல்ட் போட்டு இறுக்குங்கள், கியரில் விட்டு ஹேண்ட்பிரேக் போடுங்கள். வண்டி வாங்கிய பில்லைக் கையில் வைத்திருங்கள். திருட்டு வண்டியா என்று கேட்டால் காட்ட வேறு காகிதம் இருக்காது. வாடகை பேசும்போதே சாயங்காலம் திரும்ப ஏற்றுவதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். இருட்டிய பிறகு கூப்பிட்டால் டிரைவர் சொல்வதுதான் ரேட், அந்த நேரத்தில்தான் “சும்மா ஓட்டிக்கிட்டே போயிடலாம்டா” என்று ஒருவன் ஆரம்பிப்பான்.